ஒரு வாய்ச் சொதி

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
14 ஜனவரி 2007

மதினிக்கு,

செண்பகவல்லி எழுதுவது. உங்கள் தம்பி ஜெராட்டின் மனைவி என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். அப்படிச் சொன்னதுமே கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்களோ என்றும் பயமாக இருக்கிறது. போனில் பேசப் பார்த்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பிக்குத் தொண்டையில் புற்றுநோய். இதை ஒரே வரியில் போட்டு உடைக்கிறேனே என்று கோபிக்காதீர்கள், சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை. மழைக்காலத்தில் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தோம். இப்போது கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது. வாய்க்குள்ளும் தொண்டையிலும் ஒரே புண். எச்சில் விழுங்கும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டப்பாப் பாலைக் கண்டால் குமட்டுகிறார். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, கல்யாண மோதிரத்தை நூல் சுற்றிப் போட்டிருக்கிறார்.

இன்னும் எடை குறைந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் என்ற பேச்சை எடுத்தாலே இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். குழாய் வைத்தவன் எழுந்து நடந்ததில்லை என்பது அவர் முடிவு. அந்த நினைப்பே ஆளைக் கொன்றுவிடும் என்று எனக்குப் பயம்.

என்னதான் வேண்டும், எதைச் செய்து தந்தால் இறங்கும் என்று கேட்டுக் கேட்டு ஒருநாள் பதில் வந்தது. "சொதி" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிதான் விசேஷம். பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் இஞ்சிச் சாறும் சேர்த்து ஊரே மணக்க வைத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "இது சொதி இல்லை" என்று கிண்ணத்தை நகர்த்திவிட்டார். அன்று மத்தியானம் அரைத் தூக்கத்தில், "அக்கா வைக்கிற சொதி" என்று முனகினார்.

உங்களுக்கும் அவருக்கும் என்ன சண்டை என்று எனக்கு முழுதாகத் தெரியாது. இந்தியாக்காரியைக் கட்டியது அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என்னைப் பிடிக்க வேண்டாம். அந்தச் சொதியை எப்படி வைப்பது என்று மட்டும் எழுதுங்கள்.

செண்பகவல்லி


லொங்குய்ய்
21 ஜனவரி 2007

செண்பகவல்லிக்கு,

கடிதம் கிடைத்தது. முழுவதும் வாசித்தேன்.

மதினி என்று எழுதியிருக்கிறீர். எங்கள் ஆட்களுக்குள் அது மச்சாள். உமக்கு மச்சாளாக இருக்க நான் சம்மதித்ததும் இல்லை, ஆகவே இரண்டும் வேண்டாம். மாக்கிரட் என்று எழுதினால் தபால்காரனுக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும்.

மழைக்காலத்தில் வந்த வருத்தத்தை நீர் பனிக்காலத்தில் எழுதுகிறீர். சேர்ச்சில் இத்தனை சனம் இருந்தும் ஒருவரும் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. ஆற்றுக்கு இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் அவன். மெட்ரோவில் ஏறினால் ஒரு மணித்தியாலம் இல்லை. அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

சொதி கேட்டீர். டின்னில் வரும் தேங்காய்ப்பால் வேண்டாம். தேங்காய்ப்பூவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிழிந்து முதற்பாலைப் புறம்பாக வையும். பிறகும் தண்ணீர் விட்டுப் பிழிந்த இரண்டாம் பாலில் வெங்காயம், கறிவேப்பிலை, கொஞ்ச வெந்தயம், மஞ்சள், உப்புப் போட்டு, உருளைக்கிழங்கும் கரட்டும் பூசணியும் சிறிதாய் வெட்டி அவிய விடும். வாய்ப்புண் என்றபடியால் பச்சை மிளகாய் போட வேண்டாம், ஒரு சிட்டிகை சீரகத் தூள் போதும். மரக்கறி குழைந்ததும் நன்றாக மசித்துவிடும். அதன் பிறகுதான் முதற்பால். பால் விட்டால் அகப்பையைக் கையிலிருந்து கீழே வைக்கக் கூடாது, துழாவிக்கொண்டே நிற்க வேண்டும். நுரை கட்டி வரும்போது இறக்கும். கொதிக்க விட்டால் திரைந்துபோகும். இறக்கின பிறகு அளவாகப் புளி விடும். புளி விடாத சொதியை அவன் சின்ன வயதிலேயே தொடமாட்டான்.

ஆர் சொல்லித் தந்தது என்று அவனுக்குச் சொல்ல வேண்டாம்.

மாக்கிரட்


பார்க் எக்ஸ்டென்ஷன்
26 ஜனவரி 2007

மதினிக்கு,

மதினி என்றுதான் எழுதுவேன். எனக்கு அந்த வார்த்தைதான் வரும். நீங்கள் அதற்குத் தகுதியானவர்தானா என்பது வேறு விஷயம்.

உங்கள் கடிதம் வந்த அன்று அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தேன். தேங்காய்ப்பூ என்றால் எங்கள் ஊரில் தென்னை மரத்தில் பூப்பது. ஜோன் டாலோன் தெருவில் கடை வைத்திருக்கும் அருமைராசா அண்ணனிடம் ஓடிப்போய்க் கேட்டேன். சிரித்துவிட்டு, ஐஸ் பெட்டியிலிருந்து துருவிய தேங்காயை எடுத்துத் தந்தார். நீங்கள் எழுதியபடியே பிழிந்தேன், அவித்தேன், மசித்தேன், துழாவினேன். மஞ்சளாக, வழுவழுவென்று, எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? கடைசியில் நீங்கள் சொன்னபடி புளியைக் கரைத்து ஊற்றினேன்.

சேற்றுத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. இலங்கைக்காரர்கள் முறை இதுவாக்கும் என்று நினைத்து, மனம் இல்லாமலே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தார். அந்தப் புண் வாயில் புளி பட்டால் என்ன ஆகும்? தலையணையைக் கடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று முழுக்கத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மிளகாய் வேண்டாம் என்று எழுதத் தெரிந்த உங்களுக்குப் புளி எரியும் என்று தெரியாதா? எங்கள் சொதியில் எலுமிச்சம்பழம்தான் பிழிவோம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் உங்கள் எழுத்துக்கு மரியாதை கொடுத்து, என் புத்தியை ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்தேன். வேண்டும் என்றே எழுதினீர்களா? என் மேல் உள்ள கோபத்தை அவர் வாயிலா தீர்த்துக்கொள்வது?

பதில் எழுத வேண்டாம்.

செண்பகவல்லி


லொங்குய்ய்
30 ஜனவரி 2007

செண்பகவல்லிக்கு,

எழுத வேண்டாம் என்றீர். எழுதாமல் இருந்தால் நான் மனுசி இல்லை.

எங்கள் பேச்சில் புளி விடுகிறது என்றால் தேசிக்காய்ப் புளி. நீர் சொல்கிற எலுமிச்சம்பழம்தான் அது. நீர் கரைத்து ஊற்றினதை நாங்கள் பழப்புளி என்போம். சொதிக்குப் பழப்புளி விடுகிறவர் இந்த உலகத்தில் இருப்பார் என்று எனக்கு நினைவிலும் வரவில்லை. மடுமாதா அறிய, வேண்டுமென்று எழுதவில்லை. ஆனால் வாய்ப்புண்காரனுக்குத் தேசிக்காயும் எரியும் என்று யோசியாமல், பழக்கத்தில் எழுதிவிட்டேன். அது என் பிழைதான். நான் வேலை செய்கிற கார்டெறியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், ஒரு பட்டாளம் பிள்ளைகளுக்கு நாளாந்தம் சூப் வைத்துக் கொடுக்கிறேன். ஆருக்கு எது ஒத்துவராது என்று பார்த்துப் பார்த்துத்தான் வைப்பேன். சொந்தத் தம்பிக்கு இப்படி எழுதினேன்.

தேங்காய்ப்பூவைக் கேட்டு அறிந்த நீர் புளியைக் கேட்கவில்லை. தெரியாத சொல்லைக் கேட்கலாம், தெரிந்த சொல்லை ஆர் கேட்கிறது? உம்மைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

திரும்ப வையும். புளி ஒன்றுமே வேண்டாம். முதற்பாலைக் கொஞ்சம் கூட்டி, இறக்கின பிறகு ஒரு சின்னத் துண்டு பட்டர் போடும், புண்ணுக்கு இதமாக இருக்கும். சூடு முழுவதும் ஆற வேண்டும்.

எங்களுக்குள் என்ன சண்டை என்று தெரியாது என்று முதற்கடிதத்தில் எழுதினீர், அதற்கும் பதில் எழுதுகிறேன். அவன் உமக்குச் சொல்லாததை நான் சொல்வது சரியோ தெரியாது. எங்கள் அம்மா செத்த அன்று நீர் இன்னும் இந்தியாவில். பிரேதம் வைத்திருந்த மண்டபத்தில் சனம் நிறைந்து இருந்தது. எனக்கு மூளை கலங்கின நேரம். "நீ சொல்லாமல் கொள்ளாமல் அங்கை கட்டினதை நினைச்சு நினைச்சே அம்மா செத்தவ" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். அவன் அம்மாவின் பெட்டியில் கையை வைத்தான். "இனி உன்ர கையால ஒரு வாய் வாங்கினால் நான் அம்மாவின்ர பிள்ளை இல்லை" என்றான். அதன் பிறகு அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை.

அவன் கேட்டது சொதியை. என்னை இல்லை. ஆகவே என் பெயர் அங்கே வர வேண்டாம்.

மாக்கிரட்


பார்க் எக்ஸ்டென்ஷன்
8 பிப்ரவரி 2007

மதினிக்கு,

போன கடிதத்தில் நான் எழுதிய வார்த்தைகளுக்கு எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன்? நீங்கள் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

சொதி வந்தது மதினி. நீங்கள் சொன்னபடியே வந்தது. ஆறவைத்துக் கொண்டுபோனேன். சண்டைக்கு நிற்கிற மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தார். முதல் கரண்டியை வாய்க்குள் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். விழுங்கினார். தானே கரண்டியை வாங்கிக்கொண்டார். அடுப்படியில் நின்று, சத்தம் வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பாதிக் கிண்ணம் இறங்கிவிட்டது. பிறகு தலையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அக்கா வந்திட்டாவோ?" என்றார்.

இல்லை என்றேன். அப்போ யார் வைத்தது என்றார். நான்தான் என்றேன். "உனக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த முகத்தில் ஒரு ஆசை இருந்தது. உங்கள் பேரைச் சொன்னால் சந்தோஷப்படுவார், இன்னும் கொஞ்சம் சாப்பிடுவார் என்று பாவி நான் நம்பிவிட்டேன். அக்கா கடிதத்தில் எழுதித் தந்தார்கள் என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டார். பிறகு சொன்னார்: "எழுத்தும் கையாலதான் எழுதுறது."

அவ்வளவுதான். கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து நான் எதைக் கொண்டுபோனாலும் முகர்ந்து பார்க்கிறார். வெறும் கஞ்சியைக்கூட நம்பவில்லை. நீங்கள் சொல்லித் தந்ததோ என்று என் முகத்தைப் பார்க்கிறார். முன்னே சாப்பிட முடியாமல் இருந்தார், இப்போது சாப்பிட மாட்டேன் என்று இருக்கிறார். குரலும் கம்மிக்கொண்டே வருகிறது. நான் என் கையாலேயே அடைத்துவிட்டேன் அந்த வாயை.

நீங்கள் வந்தால் என்ன? வந்து, நான் சொன்னதை மறந்துவிடு தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் போய்விட்டால் நீங்களும் நானும் இந்த ஊரில் யாரோடு கோபித்துக்கொள்வது?

செண்பகம்


லொங்குய்ய்
15 பிப்ரவரி 2007

செண்பகத்துக்கு,

நான் வந்தேன்.

உமது கடிதம் கிடைத்த மறுநாள் பாதரிடம் போய்க் கேட்டேன். கோபத்தில் செய்கிற சத்தியத்தைக் கடவுள் கணக்கில் எடுப்பதில்லை என்றார். கடவுள் எடுக்கமாட்டார் பாதர், ஜெராட் எடுப்பான் என்றேன். அவன் கடவுளை விட அம்மாவுக்குப் பயந்தவன். அந்தப் பெட்டியில் வைத்த கையை அம்மாவே எழும்பி வந்து எடுத்துவிட வேண்டும்.

அப்படி இருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிச் சொதி வைத்தேன். சின்னச் சட்டியில் ஊற்றித் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் வந்தேன். பார்க் ஸ்டேசனில் இறங்கி உங்கள் தெருவரைக்கும் வந்தேன். உங்கள் வீட்டுப் படியில் பனியை ஒருவரும் அள்ளவில்லை. அள்ளுகிறவன் படுக்கையில் கிடக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே ஏற முடியவில்லை. அவன் சத்தம் போட்டுப் பேசியிருந்தால் ஏறியிருப்பேன், சண்டை எனக்குப் பயம் இல்லை. என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பினால் என்ன செய்வேன்? அதைப் பார்த்த பிறகு நான் எப்படி வீடு வந்து சேர்வேன்?

திரும்பிவிட்டேன். சொதியை வீட்டில் கொண்டுவந்து சிங்கில் ஊற்றினேன். அம்புறோஸ் பார்த்துக்கொண்டு நின்றார். என் புருசன் ஒன்றும் கேட்கிற ஆள் இல்லை. சட்டியை வாங்கிக் கழுவி வைத்தார்.

நான் சொன்ன சொல்லை எடுக்கச் சொல்லிக் கேட்கிறீர். அதை நான் அன்றைக்கே எடுத்துவிட்டேன். என் சொல்லைப் பற்றி அவனுக்கு இப்போது கவலை இல்லை, தன்னுடைய சொல்லைப் பற்றித்தான். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

டப்பாப் பாலையாவது உம்முடைய கையால் பருக்கும். நான் இனி ஒன்றும் எழுதித் தரவில்லை என்று அவனுக்குச் சொல்லும். போனில் கதைக்கலாம் என்று நினைப்பீர். வேண்டாம். அவனுடைய இருமல் சத்தம் பின்னால் கேட்டால் நான் உடைந்துபோவேன்.

மாக்கிரட்


பார்க் எக்ஸ்டென்ஷன்
27 பிப்ரவரி 2007

மதினிக்கு,

குழாய் வைத்துவிட்டார்கள்.

குளியலறையில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்று வைக்காவிட்டால் சிகிச்சையும் நிற்கும், ஆளும் நிற்கமாட்டார் என்று சொன்னார். இவரிடம் கேட்டபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். விலாவுக்குக் கீழே வயிற்றிலிருந்து ஒரு குழாய் தொங்குகிறது. ஊசி போடுகிற குழல் மாதிரிப் பெரிய ஒரு பீச்சாங்குழலை அதில் பொருத்தி, நான்தான் பாலை ஊற்றுகிறேன். குரல் அடியோடு போய்விட்டது. ஊற்றும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார், யாருடைய வயிற்றுக்கோ போகிற மாதிரி. உயிர் இருக்கிறது, அதை வைத்துக்கொள்ள அவருக்கு மனம் இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் அதற்குத்தான் பயந்தாள். மனம் விட்டவர்களுக்கு எதை ஊற்றியும் பிரயோஜனம் இல்லை என்றாள்.

மதினி, நேற்று உங்கள் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். அவர் செய்த சத்தியத்தை வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். "ஒரு வாய் வாங்கினால்." இதை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். வாய் என்றுதானே சொன்னார்? வயிறு என்று சொல்லவில்லையே? இப்போது அவருக்குப் போகிற எதுவும் வாயால் போகவில்லை. அம்மா பெட்டியில் கை வைத்துச் சொன்னதை மீறாமலே உங்கள் கையால் அவர் சாப்பிடலாம்.

இது கள்ளத்தனமா, பைத்தியக்காரத்தனமா என்று எனக்கே தெரியவில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். நர்ஸிடம் கேட்டுவிட்டேன். துணியில் நன்றாக வடிகட்டி, தண்ணியாக, காரம் புளிப்பு இல்லாமல், கொஞ்சமாகக் கொடுக்கலாமாம். ருசி தெரியாதே, எதற்கு இவ்வளவு பாடு என்று அவள் கேட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

வருவீர்களா?

செண்பகம்


லொங்குய்ய்
3 மார்ச் 2007

செண்பகம்,

நீ கெட்டிக்காரி. இந்த நியாயம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிராது. வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு அம்புறோஸ் வந்து தண்ணீர் தரும்வரை அழுதேன்.

செவ்வாய்க்கிழமை கார்டெறியில் லீவு கேட்டிருக்கிறேன். காலையில் வைத்து, இரண்டுதரம் துணியில் வடித்துக்கொண்டு வருகிறேன். நீ பீச்சாங்குழலை எப்படிப் பிடிக்கிறது என்று எனக்குக் காட்டித் தர வேண்டும்.

ஆனால் ஒன்று. அவனுக்கு முதலில் சொல்ல வேண்டும். குரல் இல்லாத மனுசனுக்குச் சொல்லாமல் ஊற்றுகிற வேலை எனக்கு வேண்டாம். அவன் தூங்குகிற நேரம் வா என்று நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன். என் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டு. அக்கா வாறாவாம், வாய்க்கு இல்லையாம், வயித்துக்காம் என்று சொல்லு. கையால் மறித்தானென்றால் எனக்கு எழுது. நான் உன்னோடும் கோபிக்கமாட்டேன், அவனோடும் கோபிக்கமாட்டேன். சட்டியோடு என் பாட்டுக்கு இருந்துவிடுவேன்.

மறித்தானோ மறிக்கவில்லையோ, உண்மையை எழுது. என்னைத் தேற்றுவதற்காக ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா


பார்க் எக்ஸ்டென்ஷன்
5 மார்ச் 2007, திங்கள்

மதினிக்கு,

அருமைராசா அண்ணன் இன்று சாயந்தரம் உங்கள் பக்கம் சாமான் கொண்டுபோகிறாராம். தபாலை நம்பாமல் இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மத்தியானம் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை, கையால் மறித்தால் என்று நீங்கள் எழுதியதையும் சேர்த்தே வாசித்தேன். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார். வாசித்து முடித்தும் அசையவில்லை. நான் உங்களுக்கு என்ன எழுதுவது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் உண்மையை எழுதச் சொன்னீர்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெகு நேரம் கழித்துத் திரும்பினார். நான் தொடப் போனபோது என் கையை விலக்கிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு தானாகவே சட்டைப் பொத்தானைக் கழற்றினார். என்னைக் கழற்ற விடவில்லை. சட்டையைத் தூக்கி, ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மெதுவாக எடுத்து, குழாயின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் கதவைப் பார்த்தார்.

நாளைக்குத்தான் வருவார்கள் என்று சொன்னேன். இன்னும் சட்டையை இறக்கவில்லை.

செண்பகம்